எச்.பி.வி. தடுப்பூசி மலட்டுத்தன்மையை ஏற்படுத்தாது

தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையில் போடப்படும் ஊசி பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்றொரு குரல்பதிவு திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது, அது உண்மையல்ல. ஆறு மாத இடைவெளியில் இரு தடவைகள் வழங்கும் முறையில் 2017இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட இவ்வூசி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமான எச்.பி.வி. எனும் மனித பாப்பிலோமா வைரசுக்கு எதிரானது; அதில் உயிருள்ள வைரஸ் இல்லை, மலட்டுத்தன்மைக்கும் அதற்கும் தொடர்பிருப்பதாக ஆதாரமில்லை என உலக சுகாதார நிறுவனமும் தெளிவுபடுத்தியுள்ளது. ஊசி போட்ட கை சற்று வீங்கி நோகலாம், சிலருக்குத் தலைசுற்றலாம்.

தன் உடலைப் பற்றிய முடிவில் தனக்கும் பங்குண்டு என்று உணரத் தொடங்கும் வயதில், பெற்றோர் கையொப்பமிட வேண்டிய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அஞ்சி நிற்பது மிகுந்த வேதனை தருகிறது. அவளையும் அழைத்துக்கொண்டு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் செல்லுங்கள். ஐயங்களை அவளே கேட்கட்டும். அப்பதிவை இனி எவருக்கும் அனுப்பாதீர்கள்.