கலங்கல் பேல் ஏல் கெட்டுப்போன பீரா?

"பீர் கலங்கலாக இருந்தால் கெட்டுப்போனது, பழ வாசம் வந்தால் ஜூஸ் கலந்தது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பக்கம் பிரபலமான கலங்கல் பேல் ஏல் என்ற வெளிர் நிற பீர் வகையில், கலங்கல் வேண்டுமென்றே வரவழைப்பது. ஓட்ஸ், கோதுமையின் புரதமும் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் பாலிஃபீனால் என்ற தாவர வேதிப்பொருளும் ஒட்டிக்கொண்டு மிதக்கின்றன. ஈஸ்ட் மட்டும் காரணமில்லை. மாம்பழ, ஆரஞ்சு வாசம்? சிட்ரா, மொசைக் மாதிரி ஹாப்ஸ் ரகங்களே அதைத் தந்துவிடும், ஜூஸ் தேவையில்லை. 2018இல் பீர் தயாரிப்பாளர் சங்கமான அமெரிக்க புரூவர்ஸ் அசோசியேஷன் தன் பீர் வகைப் பட்டியலில் இதை 'ஜூஸி அல்லது ஹேஸி (கலங்கல்) பேல் ஏல்' எனத் தனி வகையாகவே சேர்த்துவிட்டது.

சரி, கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் மூக்கை நம்புங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம், பழ மணம் செத்த வெற்றுத் தித்திப்பு, மஞ்சள் மங்கிச் சாம்பல் படிந்த பழுப்பு நிறம்: இவை ஆக்சிஜன் புகுந்ததற்கான அடையாளம். விலையை நினைக்காமல் கொட்டிவிடலாம்.