புள்ளிங்கோவைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

சென்னைத் தெரு ஃபேஷன் பற்றி ஆவணத் தொடர் எடுக்கப்போவதாக நண்பர் ஒருவர் டிரீட்மென்ட், அதாவது எதை எப்படி எடுக்கப்போகிறோம் என்ற குறிப்பு, அனுப்பியிருந்தார். காசிமேட்டுக்கு மேலே ட்ரோன். கீழே கலர் அடித்த முடியும் டைட் பேன்ட்டுமாக, ஊர் ‘புள்ளிங்கோ’ என்று கூப்பிடுகிற நாலு பையன்கள் ஸ்லோமோஷனில் நடந்து வருகிறார்கள். பின்னணியில் கானா. வடசென்னை என்றாலே நம் ஆட்களுக்குக் கேமரா ஏன்தான் மெதுவாக ஓடுகிறதோ!

என் குறை அதுகூட இல்லை. எல்லாப் பகுதிகளையும் படித்துவிட்டேன். அந்தப் பேன்ட் என்ன விலை, யார் தைத்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கம் தொங்கும் சர்ப்ளஸ் டி-ஷர்ட்டைத் திருப்பிப் பாருங்கள். சிலதில் கழுத்து லேபிளைக் கத்தரியால் பாதி வெட்டியிருப்பார்கள். மிச்சம் இருக்கிற துண்டு போடுகிறவன் கழுத்தை அரித்துக்கொண்டே இருக்கும். திருப்பூரில் ஏதோ வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்து, பிசகு வந்தோ ஆர்டர் கேன்சலாகியோ தேங்கிய சரக்கு அது. அங்கேயே காதர்பேட்டை வியாபாரிகள் கை மாறி லாட் லாட்டாக வெளியே போகிறது. எங்கோ உட்கார்ந்து இந்த சீசனுக்கு இந்தக் கலர் என்று எவனோ முடிவு செய்ததில் மிஞ்சியதை வைத்துத்தான் நம்ம பையன் தன் ஸ்டைலைக் கட்டுகிறான். எனக்கு இதுதான் முதல் பகுதி.

அடுத்தது பிளாட்பார ஆல்டரேஷன் டைலர். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சாக்பீஸில் ஒரு கோடு இழுப்பார். ‘இன்னும் டைட்டா’ என்பான் பையன். ‘கால் நுழையாதுப்பா’ என்பார். பேரம் கொஞ்ச நேரம் ஓடும். உயரம் குறைக்க வேண்டுமென்றால் அடிமடிப்பைத் தனியாக வெட்டி எடுத்து, அதையே திரும்ப வைத்துத் தைத்துவிடுவார். கம்பெனி மடிப்பு அப்படியே இருக்கும். டிசைனர் என்று பெயர் போட வேண்டிய மனுஷன், டிரீட்மென்டில் ‘லோக்கல் கலர்’ என்ற தலைப்புக்குக் கீழே கிடக்கிறார்.

ஷோயிச்சி அவோக்கி என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர் 1997-ல் ‘ஃப்ரூட்ஸ்’ பத்திரிகையைத் தொடங்கி, டோக்கியோவின் ஹராஜுகு தெருவில் இளைஞர்களை எடுத்தார். தலை முதல் கால் வரை நேராக ஒரு படம், பக்கத்தில் வயது, என்ன வேலை, எந்த உடுப்பு எங்கே வாங்கியது. பழைய துணிக்கடைச் சரக்கும் வீட்டில் தைத்ததும்கூட அதில் பதிவாகியிருக்கும். ட்ரோனா இருந்தது அவரிடம்? இன்றைக்கும் அந்தக் காலத்து ஹராஜுகுவைத் தெரிந்துகொள்ள அந்தப் பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள்.

ஆனால் ஹராஜுகுவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. 2019 வாக்கில் புள்ளிங்கோ என்று மீம் போட்டுச் சிரித்ததில் எவ்வளவு சாதித் திமிரும் வர்க்கத் திமிரும் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் பசங்களுக்கு இந்த மாதிரி வெட்டாதீங்க என்று சலூன்காரரிடம் போய்ச் சொன்ன ஊர்களும் உண்டு. அதே ஸ்பைக் முடியை சினிமா ஹீரோ வைத்தால் டிரெண்ட். இவன் வைத்தால் வண்டியை ஓரங்கட்டி ஆர்.சி. புக் கேட்பார்கள். அதனால் முகம் காட்டுவதற்குச் சம்மதம் வாங்கும்போது ‘டிவில வருவ தம்பி’ என்று ஆசை காட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். எடிட் பண்ணினதை அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

பெண்களைப் பற்றி டிரீட்மென்டில் ஒரே வரி. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஜெர்சி போட்டு ஆடுகிற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

பட்ஜெட்டில் ட்ரோன் வாடகையை அடித்துவிட்டு அந்த இடத்தில் டைலரின் நாள் வருமானம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஷாட் வைக்கிற நேரமெல்லாம் அவர் மிஷின் சும்மா நிற்கும், அந்தக் காசை யார் கொடுப்பது? நண்பர் இன்னும் பதில் போடவில்லை.