வான் ஹேலன் வோல்ட்டைக் கூட்டினாரா?
சாட்ஸ்வர்த் பையன்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: ராக் கிதார் கலைஞர் எடி வான் ஹேலன் தன் மார்ஷல் ஆம்பை (கிதார் ஒலிபெருக்கியை) வேரியாக் என்ற, வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி வழியாக 140 வோல்ட்டில் ஓடவிட்டாராம், அந்த முரட்டு ஒலி அப்படித்தான் வந்ததாம்.

தவறு. அவர் கூட்டவில்லை, குறைத்தார். அமெரிக்காவின் 120 வோல்ட்டை ஏறக்குறைய 90 வரை. 100 வாட் ஆம்பில் குமிழ்களை முழுக்கத் திருகினாலும் சத்தம் கொஞ்சம் அடங்கும், ஒலியின் கரகரப்பு மட்டும் அப்படியே இருக்கும். 140 கதையைக் கிளப்பியதே அவர்தான், ஆரம்பகாலப் பேட்டிகளில். குறும்புக்காரர்!

டர்பனில் நமக்கு வருவது 230 வோல்ட். அதற்கு மேல் ஏற்றினால் ஆம்புக்குள் இருக்கும் வால்வும் (கண்ணாடிக் குழாய்) டிரான்ஸ்ஃபார்மரும் கருகலாம். அந்த 90ஐ இங்கே அப்படியே வைத்தாலோ, ஆம்ப் கண்ணே திறக்காது. சத்தத்தை அடக்கத்தான் வேண்டுமென்றால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மாட்டும் அட்டெனுவேட்டர் இருக்கிறது, அதை வாங்குங்கள்.