ஆடினால் வீடியோ ஆடிவிடுமாம்

"டான்ஸ் திரும்ப வந்துவிட்டது" என்று கொஞ்ச நாளாகவே பார்ப்பவர்களெல்லாம் சொல்கிறார்கள். ஹவுஸ் என்கிற மின்னணு ஆட்ட இசை போடும் நிலவறை கிளப்களில் மறுபடியும் ஜனங்கள் வேர்க்க விறுவிறுக்க ஆடுகிறார்களாம், போனைப் பைக்குள் போட்டுவிடுகிறார்களாம். நானும் நம்பித் தொலைத்தேன். போன சனிக்கிழமை ராத்திரி போனேன். வந்ததிலிருந்து வயிறு எரிகிறது. இதை எங்கேயாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

வாசலில் ஏமாற்றமே இல்லை. அதுதான் கொடுமை. பெர்லினில் பெர்க்ஹைன் கிளப்பில் பல வருடமாக இருக்கிற வழக்கம்தான், போன் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினார்கள். வட்டமாக, ரோஸ் நிறத்தில். "உள்ளே படம் எடுக்கக் கூடாது, சரியா?" என்று அந்தப் பெண் சொன்னபோது அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. படி இறங்க இறங்க பாஸ், அதாவது இசையின் அடி அதிர்வு, முதலில் காலுக்குத்தான் வந்தது, காதுக்கு அப்புறம். ஆஹா என்று நினைத்துக்கொண்டு கடைசிப் படியைத் தாண்டினால், எதிரே நூறு முதுகு.

எல்லாரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வகுப்பறை மாதிரி. டிஜே கரும்பலகை.

எனக்கு முன்னால் நின்றவனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவன் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டான். பிய்த்ததோடு விட்டானா? பத்திரமாக போன் கவரின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தான், யாராவது கேட்டால் திரும்ப லென்ஸ் மேல் ஒட்டிக்கொள்ளலாம் என்று. இந்த மூளையில் பாதியைக் காலுக்கு அனுப்பியிருந்தால் அவன் ஆடியிருப்பான். திரையின் வெளிச்சம் முழுசாக. அந்த இருட்டில் என் கண்ணுக்கு டிஜே தெரியவில்லை, அவன் போனுக்குள் இருந்த ஆறு அங்குல டிஜேதான் தெரிந்தார். கை வலித்தால் இடது கைக்கு மாற்றுவான். அவ்வளவுதான் அவன் உடம்பில் நான் பார்த்த அசைவு.

ஹவுஸ் இசை எப்படி வேலை செய்கிறது என்று இவர்களுக்கு யாராவது சொல்லித் தொலையுங்கள். நிமிடத்துக்கு 120, 125 துடிப்பு. நாலு எண்ணினால் நாலுக்கும் கிக் டிரம்மின் 'தும்' விழும், இடையிடையே ஹை-ஹாட் தாளத்தட்டின் 'ட்ஸ்'. கேட்டவுடன் "ஒரே மாதிரி இருக்கே" என்றுதான் தோன்றும். ஒரே மாதிரி இருப்பதுதான் விஷயமே. முதல் பத்து நிமிஷம் முட்டி மட்டும் பழகும். அப்புறம் இடுப்பு. ஒரு பாட்டு ஏழெட்டு நிமிஷம் ஓடும், அது முடிவதற்குள் அடுத்ததை அதன்மேல் ஏற்றிவிடுவார் டிஜே, எங்கே முடிந்தது எங்கே தொடங்கியது என்று தெரியாது. அரை மணி நேரம் கழித்து, மேலே ஒரு சின்ன பியானோ வந்து விழும்போது உடம்பு தானாகத் திரும்பும். இதைப் பதினைந்து விநாடி வீடியோவில் எவன் பிடிப்பான்?

பிடிக்க முடியாது என்பதால் டிஜேக்கள் இசையையே வெட்டிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாஸைப் பிடுங்குகிறார், கையைத் தூக்குகிறார், காத்திருக்கிறார். பாஸ் இறங்கியதும் கூட்டத்தில் போன் ஏறுகிறது. சரி, கிக் திரும்ப விழும்போதாவது குதிப்பார்கள் என்று பார்த்தால், அப்போதுதான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்! பக்கத்தில் ஒருவரிடம் கேட்டே விட்டேன். "ஆடினா வீடியோ ஷேக் ஆகும்ல" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்பார்கள். இவர்களுக்கு மேடை நேராகத்தான் இருக்கிறது, ஃபிரேம் கோணக் கூடாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இன்னும் கடுப்பாகும். 1970இல் நியூயார்க்கில் டேவிட் மன்குசோ தன் வீட்டிலேயே விருந்து நடத்தினார், அதுதான் பின்னால் 'லாஃப்ட்' ஆனது. நல்ல ஸ்பீக்கர், பலூன், அழைக்கப்பட்டவர்கள். சாராய விற்பனை கிடையாது. அதே ஊரில் டிஜே லாரி லெவான் வாசித்த பாரடைஸ் கராஜ் கிளப்பிலும் மது கிடையாது, வந்தவர்கள் விடிய விடிய ஆடத்தான் வந்தார்கள். 1977இல் சிகாகோவில் ஜெஃபர்சன் தெருவில் 'வேர்ஹவுஸ்' கிளப் திறந்தது, அங்கே டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ். 'ஹவுஸ்' என்ற பெயரே அந்த வேர்ஹவுஸின் வால்தான் என்பார்கள். அங்கே ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் ஓரினச் சேர்க்கையாளர்கள். வெளியே முகம் தெரிந்தால் வேலை போகும், வீடு போகும் என்றிருந்தவர்கள் அதில் எத்தனையோ பேர். அந்த இருட்டு அவர்களுக்குக் கதவு மாதிரி, உள்ளே வந்து சாத்திக்கொண்டார்கள். 1979 ஜூலை 12ஆம் தேதி அதே சிகாகோவில் கொமிஸ்கி பார்க் மைதானத்தில், ஹவுஸுக்கு முன்னோடியான டிஸ்கோவின் இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்து, ஆயிரக்கணக்கானவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அதற்குப் பிறகும் இவர்கள் நிலவறையில் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அந்த இருட்டுக்குள் வந்துதான் நீ ஃபிளாஷ் போடுகிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. நியூயார்க்கில் 1926இலிருந்து 'கேபரே சட்டம்' என்று ஒன்று இருந்தது. மதுக்கடையிலோ உணவகத்திலோ ஜனங்கள் ஆட வேண்டுமானால் அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். 2017இல்தான் அதை நீக்கினார்கள். தொண்ணூற்றொரு வருஷம்! ஜப்பானிலும் நள்ளிரவு தாண்டி ஆடக் கூடாது என்றிருந்த சட்டத்தை 2015இல்தான் திருத்தினார்கள். கோர்ட்டுப் படியேறி, கையெழுத்து வாங்கி, கத்திக் கதறி வாங்கிய உரிமையை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? நிற்கிறோம்.

சரி, எல்லாரையும் திட்டவில்லை. அந்த ராத்திரி ஆடியவர்களும் இருந்தார்கள். வலது பக்க ஸ்பீக்கர் ஓரத்தில் ஓர் அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்துத் தரையில் கொஞ்சம் தூவினார். பழைய ஹவுஸ் ஆட்டக்காரர்கள் அப்படித்தான், பிசுபிசுத்த தரையில் கால் வழுக்கிப் போக வேண்டுமே. அப்புறம் ஆட ஆரம்பித்தார். மேலுடம்பு அலட்டிக்கொள்ளவே இல்லை, கால் மட்டும் கிக்குக்கும் ஹை-ஹாட்டுக்கும் நடுவில் புகுந்து புகுந்து வந்தது. வெள்ளைப் பவுடரில் செருப்புத் தடம் வட்டம் வட்டமாக விழுந்தது. கண்ணை மூடியிருந்தார். என் எரிச்சலெல்லாம் ஒரு பத்து நிமிஷம் காணாமல் போனது, நானும் பக்கத்தில் ஒதுங்கி ஆடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிஷம் "திரும்ப வந்துவிட்டது" என்று நானே நினைத்தேன்.

அப்போதுதான் வந்தான், கவரில் ஸ்டிக்கர் ஒட்டியவன். அவருக்கு மூன்றடி தள்ளி நின்று, விளக்கைப் போட்டு, காலிலிருந்து முகம் வரை மெதுவாக ஏற்றி எடுத்தான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். அந்த அம்மா கண்ணைத் திறந்தார். சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கால் மட்டும் நின்றது. புடவைத் தலைப்பை இழுத்துவிடுவது போல டீஷர்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏங்க, ஆடிட்டிருக்கிறவங்களை எதுக்கு எடுக்கறீங்க?" என்றேன்.

"செம்மையா ஆடினாங்க ப்ரோ, அதான். வைரல் ஆகும்" என்றான். பாராட்டுகிறானாம்.

அவர் டப்பாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறிவிட்டார். மணி ஒன்றரைகூட ஆகவில்லை. போட்ட பவுடர்மேல் நாலு பேர் வந்து நின்று டிஜேவைப் படம் எடுத்தார்கள்.

கிளப்காரர்களைச் சும்மா விடுவதற்கில்லை. ஸ்டிக்கர் ஒட்டினால் கடமை முடிந்ததா? உள்ளே ஒருத்தராவது வந்து "அண்ணே, போனை உள்ளே வைங்க" என்று சொன்னாரா? வாசலில் ஸ்டிக்கர், மறுநாள் அவர்கள் இணையப் பக்கத்திலேயே இருபது வீடியோ. விருந்தாளிகள் எடுத்ததாம், நன்றி தெரிவித்திருக்கிறார்கள்.

நானும் மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் அடியில் மூன்று ரோஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒன்றுகூட என்னுடையது இல்லை.