பதில் வராத இடம்

மொழிக்கும் மரணத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஐரோப்பியத் தத்துவவாதிகள் எழுதியவற்றைப் படிக்கும்போதெல்லாம் ஜெர்மானியரான மார்ட்டின் ஹைடெக்கரின் ஓரிரு வரிகளில் நான் இடறி நின்றுவிடுகிறேன். மரணத்தை மரணமாக அனுபவிக்கக் கூடியவர்கள் மனிதர்களே என்றும், விலங்குகளுக்கு அது இயலாது, அவற்றுக்குப் பேசவும் இயலாது என்றும் 1959-இல் வெளியான ‘மொழியை நோக்கிய வழியில்’ என்ற நூலில் சொல்லும் அவர், இவ்விரண்டையும் இணைக்கும் உறவு மின்னலாய்த் தோன்றுகிறது, ஆயினும் இன்னும் சிந்திக்கப்படவில்லை என்று அதோடு விட்டுவிடுகிறார். அந்த மின்னலைப் பின்தொடர்ந்தே இத்தாலியத் தத்துவவாதி ஜார்ஜோ அகம்பென் 1982-இல் ‘மொழியும் மரணமும்’ என்று தனி நூல் எழுதினார்.

விலங்குகள் பற்றிய தீர்ப்பை ஹைடெக்கர் அவ்விடத்தில் நிறுவிக் காட்டவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அவரிடத்தில் மரணம் பெரும்பாலும் ‘என்’ மரணமாகவே இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. எனக்காக இன்னொருவர் என் சாவைச் சாக முடியாது என்று 1927-இல் ‘இருத்தலும் காலமும்’ நூலில் அவர் வாதிட்டதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சொந்தச் சாவைப் பற்றி மொழியால் என்ன சொல்ல முடிகிறது? ‘நான் இறந்தேன்’ என்பதில் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, இறந்தகாலமும் (எவ்வளவு பொருத்தமான பெயர்!) உண்டு, அதை உண்மையாகச் சொல்லத்தக்க வாய்தான் இல்லை. பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதா 1967-இல் இதை மறுமுனையிலிருந்து பிடித்தார்: ‘நான்’ என்ற சொல் பொருள்தருவதற்கு அதை எழுதியவர் உயிரோடிருக்க வேண்டியதில்லை, அவர் இல்லாதபோதும் படிக்கப்படலாம் என்பது அச்சொல்லுக்குள் முதலிலேயே அடங்கியிருக்கிறது. இந்தப் பதிவில் வரும் ‘நான்’ எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

எனினும் மொழி மரணத்தை நேருக்கு நேர் சந்திப்பது, என் கருத்தில், பிறருடைய சாவில்தான். 1975-76 கல்வியாண்டில் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் நடத்திய வகுப்புகளில் பிரெஞ்சுத் தத்துவவாதி இம்மானுவேல் லெவினாஸ், மரணத்தை முதலில் இன்மையாகப் பார்க்காமல் பதிலற்ற நிலையாகப் பார்த்தார்: நேற்றுவரை நமக்கு மறுமொழி தந்த முகம் இனி எதற்கும் மறுமொழி தராது. அவர் 1995 டிசம்பர் 25 அன்று காலமானபோது, இரண்டு நாள் கழித்துப் பாரிஸை ஒட்டிய பாந்தேன் (Pantin) கல்லறைத் தோட்டத்தில் தெரிதா ஆற்றிய உரை இந்தக் கருத்தையே கையில் எடுத்துக்கொண்டது. இனிப் பதில் சொல்லாதவரை நோக்கி, அவரைப் பற்றி அல்லாமல் அவரிடமே, நாம் ஏன் பேசுகிறோம் என்று தெரிதா அங்கே கேட்டார். தொலைபேசியில் லெவினாஸ் பேசும் விதத்தையும் நினைவுகூர்ந்தார்: இணைப்பு எங்கே அறுந்துவிடுமோ என்று அஞ்சியவர்போல, ஒவ்வொரு வாக்கியத்துக்கு இடையிலும், சில வேளை வாக்கியத்தின் நடுவிலும்கூட, ‘அலோ, அலோ’ என்று அழைத்துக்கொண்டே இருப்பாராம்.