மேல்நிலைக் குழுவை முதன்முறையாக ஏற்கும் பயிற்சியாளருக்கு

தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் இளம் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரிடம், ஓரிரு ஆண்டுகள் கழிந்ததும் மேல்நிலைக் குழுவை அப்படியே ஒப்படைத்துவிடும் வழக்கம் தில்லியின் பல பயிற்சிக்கூடங்களில் இருக்கிறது. இதைப் பதவி உயர்வாக எண்ணி எல்லோரும் வாழ்த்துகிறார்கள். என்னைக் கேட்டால், அது முற்றிலும் வேறொரு வேலை; அதற்கென்று யாரும் அவரைத் தயார்ப்படுத்துவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

புதிதாகப் பொறுப்பேற்பவர் முதல் வாரத்திலேயே ஒரு புதிய வித்தையைக் கற்றுக்கொடுத்துத் தன் தகுதியை நிலைநாட்ட விரும்புவார். பிள்ளைகளும் அதைத்தான் கேட்பார்கள், பெற்றோரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். ஆனால் முதல் ஒரு மாதமாவது புதிதாக எதையும் சேர்க்காமல், ஏற்கெனவே இருப்பதைக் கவனிப்பதே சரி என்று உறுதியாகச் சொல்வேன். கைகளை ஊன்றித் தலைகீழாக ஹேண்ட்ஸ்டாண்டில் நிற்கும்போது தோள் முழுமையாகத் திறக்கிறதா, இடுப்பு வளைந்து முதுகு சுமக்கிறதா, பக்கவாட்டில் கைகளை ஊன்றிப் புரளும் ரவுண்ட்-ஆஃபில் இரண்டாவது கை எங்கே விழுகிறது, தரையிறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றனவா என்பவற்றையெல்லாம் பொறுமையாகப் பார்த்தால், அந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன தேவை என்பது தானாகவே தெரிந்துவிடும்.

மதிப்பெண் கணக்கும் இதையே சொல்கிறது. 2006-இல் பழைய பத்து மதிப்பெண் முறை போய், கடினத்துக்கு ஒரு மதிப்பெண், செய்நேர்த்திக்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்தார்கள். அசைவுகளைக் கடினத்தின்படி ஏ, பி, சி என்று வரிசைப்படுத்துவார்கள்; பி நிலை அசைவை எடுத்துவிட்டு சி நிலை அசைவைச் சேர்த்தால் கிடைப்பது 0.1 தான். அந்தப் புதிய அசைவில் முழங்கால் தெளிவாக மடங்கினால் 0.3 போய்விடும், விழுந்தாலோ ஒரு முழு மதிப்பெண் போய்விடும். அரைகுறையாகக் கற்ற வித்தையால் நட்டமே மிச்சம் என்பதைப் பெற்றோரிடம் இந்த எண்களை வைத்தே விளக்கிவிடலாம்.

இதைவிட முக்கியமானது உடல் வளர்ச்சி. மயூர் விஹாரிலிருந்து வரும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, பீம் எனும் சமநிலைக் கட்டையில், பின்னோக்கிக் கைகளை ஊன்றிப் புரண்டு நிற்கும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் செய்ய ஆயத்தமாகிக் கைகளை உயர்த்துவாள். பிறகு கால் பெருவிரலால் பீமின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பாள். கைகளை இறக்கிவிட்டு மறுபடியும் தொடங்குவாள். பத்து சென்டிமீட்டர் அகலமும் தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட அந்தப் பீமில், முந்தைய ஆண்டு தயங்காமல் செய்தவள் அவள். "போன வருஷம் நல்லாத்தானே பண்ணிட்டிருந்தா, இப்ப மட்டும் ஏன் மேம் பயப்படறா?" என்று அவளுடைய அம்மா கவலையோடு கேட்டார். இடைப்பட்ட காலத்தில் அவள் நன்றாக உயர்ந்திருந்தாள். கால் நீண்டு, உடலின் எடைமையம் மாறி, பழைய உடலுக்குப் பழகிய கணக்கு புதிய உடலுக்குப் பொருந்தாமல் போயிருந்தது. தரையில் வரைந்த கோட்டிலும், பிறகு தாழ்வான பீமிலும், அதன் பிறகு இருபுறமும் மெத்தைகளை உயர அடுக்கிய பீமிலும் என்று மறுபடியும் முதலிலிருந்து ஏற்றிக்கொண்டு வருவதுதான் இதற்கு வழி. இதைப் பின்னடைவு என்று யாரும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடக் கூடாது.

பயத்தைக் கோழைத்தனமாகக் கருதும் பயிற்சியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆபத்தைப் பொருட்படுத்தாததன் விலை என்ன என்பதற்கு ஒரு கதை போதும். 1978-இல் உலக சாம்பியனான சோவியத் வீராங்கனை எலெனா முகினா, கால் முறிவிலிருந்து முழுமையாக மீளாத நிலையில், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரங்களே இருந்தபோது, காற்றில் சுழன்று முறுகி, நிற்காமல் உருண்டு இறங்கும் மிகக் கடினமான தாமஸ் சால்டோவைப் பயிற்சி செய்து கழுத்து முறிந்து, வாழ்நாள் முழுவதும் எழுந்து நடக்க முடியாமல் 2006-இல் இறந்தார். மேல்நிலைக் குழுவை ஏற்கும் ஒவ்வொருவரும் அவர் கதையைக் கட்டாயம் படித்தாக வேண்டும்.

வலி விஷயத்திலும் இதே கண்டிப்பு தேவை. பத்துப் பன்னிரண்டு வயதில் எலும்புகள் நீளும் இடமான வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மென்மையாகவே இருக்கும். உடலின் முழுப் பாரத்தையும் கைகளில் தாங்கும் இந்த விளையாட்டில் மணிக்கட்டும், ஓயாமல் குதித்து இறங்குவதால் குதிகாலும் முதலில் பாதிக்கப்படுகின்றன. போட்டி நெருங்கும்போது பிள்ளைகள் வலியை மறைப்பார்கள். ஆகவே தினமும் நாமேதான் கேட்க வேண்டும். சொன்ன பிள்ளையின் சுமையைக் குறைக்க வேண்டும். வலி குறையாவிட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தில்லியின் ஜனவரிக் காலைகளில் வாம்-அப் நேரத்தைக் குறைப்பதற்கு எந்தக் காரணமும் போதாது.

வித்தை செய்யும் பிள்ளையைப் பயிற்சியாளர் கையால் தாங்கிக்கொள்ளும் ஸ்பாட்டிங் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆறு வயதுக் குழந்தையை ஒரு கையால் தூக்கி நிறுத்திவிடலாம். வேகமாகச் சுழன்று வரும் பதின்மூன்று வயதுப் பிள்ளையை அப்படித் தாங்க முடியாது. கீழ்முதுகில் ஒரு கை, தொடையின் பின்புறம் ஒரு கை என்று சரியான கணத்தில் சரியான இடத்தில் வைக்க, அனுபவமுள்ளவர் அருகில் நின்று பழக்கித்தர வேண்டும். கை எங்கே படும் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி, அவள் சம்மதத்தோடு செய்வதும், பெற்றோர் பார்க்கும்படி கூடத்தைத் திறந்தே வைத்திருப்பதும் இந்த வயதில் கட்டாயம்.

2016 ரியோ ஒலிம்பிக்ஸில் இந்திய வீராங்கனை தீபா கர்மாகர், வால்ட் மேசையில் கைகளை ஊன்றி எழும்பி, காற்றில் முன்னோக்கி இருமுறை கரணமடிக்கும் ஆபத்தான புரோதுனோவா வால்ட் செய்து 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றதிலிருந்து, அதே வால்ட்டை என் பிள்ளை எப்போது செய்வாள் என்று கேட்கும் பெற்றோரை நான் சந்தித்து வருகிறேன். அவர்களது ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தட்டைப் பாதத்தோடு வந்த தீபாவுக்கு அதைச் சரிசெய்யவே சிறு வயதில் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதையும், பிஸ்வேஸ்வர் நந்தி என்ற பயிற்சியாளர் ஆண்டுக்கணக்கில் அகர்தலாவிலேயே அவரை உருவாக்கினார் என்பதையும் அவர்களிடம் எடுத்துச் சொல்வேன்.

பயிற்சிக்கூடம் நடத்துபவர்களிடம் நான் கேட்பது இதுதான். மேல்நிலைக் குழுவைப் புதியவரிடம் கொடுக்கும் முன், அவரை ஒரு முழுப் பருவம் மூத்த பயிற்சியாளருக்கு உதவியாளராக, அதற்குரிய சம்பளத்தோடு வையுங்கள். பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பட்டயம் பெற்றவராக இருந்தாலும் இதற்கு விலக்கு வேண்டாம். பழைய பயிற்சியாளர் வெளியேறும்போது ஒவ்வொரு பிள்ளையின் காயங்களும், அவள் எதற்கு அஞ்சுகிறாள் என்பதும், பாதியில் நிற்கும் வித்தைகளும் ஒரு நோட்டில் எழுதப்பட்டுப் புதியவர் கைக்கு வரட்டும். மனக்கசப்போடு அவர் போயிருந்தாலும் கூச்சப்படாமல் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.