ஆன்லைன் பல்கலைக்கழகமா? பரீட்சை எந்த ஊரில்?

ஆப்பிரிக்காவில் உயர்கல்விக்கு ஆன்லைன்தான் வழி என்று யாராவது திட்ட அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தால், எத்தனை வீடியோ, என்ன ஆப் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். பரீட்சை எந்த ஊரில் நடக்கும்? அசைன்மென்டை யார் திருத்துவார்? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் உட்கார்ந்து பேசலாம். "அதெல்லாம் பிளாட்ஃபார்மே பார்த்துக்கொள்ளும்" என்றால் அந்தப் பணத்தில் நாலு ஊரில் நூலகம் கட்டிவிடலாம்.

தேவை இருக்கிறதா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சஹாராவுக்குத் தெற்கே கல்லூரி வயதில் இருப்பவர்கள் 100 பேர் என்றால் உயர்கல்வியில் சேர்கிறவர்கள் 9 பேர் அளவில்தான். உலக சராசரி 40-ஐ ஒட்டி இருக்கிறது. நைஜீரியாவின் பொது நுழைவுத் தேர்வுக்கு 2024-ல் 19 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். பாதிப் பேருக்குக்கூட இடம் கிடைக்காது. வளாகம் கட்டிக் கட்டியே இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது. அதனால் தொலைநிலைக் கல்வி வேண்டுமா என்று விவாதிப்பது வெட்டிப் பேச்சு. எந்த மாதிரித் தொலைநிலைக் கல்வி என்பதுதான் விஷயம்.

வானத்திலிருந்து பாடம் இறக்குவதை ஏற்கெனவே இரண்டு முறை பெரிய அளவில் செய்து பார்த்தாயிற்று. 1997-ல் உலக வங்கி ஆப்பிரிக்க மெய்நிகர் பல்கலைக்கழகத்தை வாஷிங்டனில் தொடங்கியது. அமெரிக்க, ஐரோப்பிய வகுப்பறைகளின் பாடம் செயற்கைக்கோள் வழியாக ஆப்பிரிக்கக் கல்லூரிகளுக்கு வந்தது. சில ஆண்டுகளில் தலைமையகம் நைரோபிக்கு மாறியது. இன்னொன்றில் நமக்கும் பங்கு உண்டு. 2004-ல் தென்னாப்பிரிக்காவில் கூடிய ஆப்பிரிக்கப் பாராளுமன்றத்தில் அப்துல் கலாம் சொன்ன யோசனையில் பிறந்தது அகில ஆப்பிரிக்க மின்வலையமைப்பு. 2009-ல் தொடங்கி வைத்தார்கள். செயற்கைக்கோள் மையம் செனகலின் டக்காரில். பாடம் நடத்திய பல்கலைக்கழகங்களில் இக்னோ, டெல்லி, பிட்ஸ் பிலானி, அமிட்டியோடு நம் சென்னைப் பல்கலைக்கழகமும் இருந்தது.

நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் காலை 10 மணி வகுப்பு என்றால் டக்காரில் விடிகாலை 4.30. சரி, மாலை 6 மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால் அங்கே பகல் 12.30, வேலைக்குப் போகிறவன் வேலையில் இருப்பான். செயற்கைக்கோள் வகுப்பைப் பார்க்க மையத்துக்கே வர வேண்டும், குறித்த நேரத்தில் வர வேண்டும். தொலைநிலைக் கல்வியின் ஒரே பெரிய வசதி, படிக்கிறவன் தன் நேரத்துக்குப் படிக்கலாம் என்பது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? 2017-ல் செயற்கைக்கோள் கட்டம் முடிந்து, 2019-லிருந்து இணைய வழியில் இ-வித்யாபாரதி என்ற பெயரில் தொடர்ந்தது. தாமதம் என்றாலும் சரியான மாற்றம்.

நீடித்து நிற்பவை எவை என்று பார்த்தால், தொழில்நுட்பத்தில் பின்தங்கியவை என்று ஒதுக்கப்பட்டவைதான். தென்னாப்பிரிக்காவின் யுனிசா பல்கலைக்கழகம் 1873-ல் வேறு பெயரில் பிறந்து, 1946-லிருந்து அஞ்சல் வழியில் கற்பித்து வருகிறது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே 1989-ல் அங்கேதான் சட்டப் படிப்பை முடித்தார். இன்று மாணவர் எண்ணிக்கை 3 லட்சத்துக்கு மேல். தான்சானியாவின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 1992-ல் சட்டம் வந்தது. மாகாணத்துக்கு மாகாணம் மையம் போட்டு வளர்ந்தது. செனகல் 2013-ல் மெய்நிகர் பல்கலைக்கழகம் என்றே பெயர் வைத்துத் தொடங்கியது, டக்கார் பல்கலைக்கழகம் நிரம்பி வழிந்ததால். ஆனால் அதன் உயிர் ஊர் ஊராகத் திறந்த எண்ணிம மையங்களில் இருக்கிறது: கணினி, இணையம், தெரிந்த முகம் ஒன்று. ருவாண்டாவின் கிகாலியில் 2013-ல் தொடங்கிய கெப்ளர் என்ற கல்வி நிறுவனம் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டத்தைத்தான் தந்தது. அதற்கும் தினசரி வகுப்பறை, பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்ட ஆள் என்று இருந்தது. கிசிபா அகதி முகாம் வரை அந்த ஏற்பாடு போயிற்று. நம் ஊர் உதாரணம் வேண்டுமா? ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பி.எஸ். பட்டத்துக்குப் பாடம் வீட்டிலிருந்து, பரீட்சை மையத்தில் நேரில்.

ஆன்லைன் கல்விக்குக் கட்டடம் தேவையில்லை என்று சொல்லி விற்கிறவர்களை நம்பாதீர்கள். கட்டடம் தேவை. வளாகம்தான் தேவையில்லை.

அதற்கும் முன்னால் சட்டம். நைஜீரியாவின் தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கதையைப் பாருங்கள். 1983-ல் தொடக்கம். 1984-ல் புகாரியின் ராணுவ அரசு இழுத்து மூடியது. 2002-ல் ஜனாதிபதி ஒபாசாஞ்சோ மறுபடி திறந்தார். பதவியை விட்டு இறங்கிய பிறகு அவரே அங்கே இறையியல் படித்து முனைவர் பட்டமும் வாங்கினார். ஆனால் மற்ற மாணவர்கள் சட்டப் படிப்பை முடித்துவிட்டு நின்றார்கள்: வழக்கறிஞர் பயிற்சிப் பள்ளி சேர்க்க மறுத்தது, பட்டதாரிகள் செய்ய வேண்டிய தேசிய இளைஞர் சேவையும் கிடையாது. அஞ்சல்வழிப் படிப்பு என்று சட்டத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டார்கள். திருத்தம் வந்தது 2018 டிசம்பரில். கையெழுத்துப் போட்டவர், அதற்குள் தேர்தலில் வென்று ஜனாதிபதி ஆகியிருந்த அதே புகாரி! நடுவில் படித்து முடித்தவர்கள் இழந்த வருஷங்களை யார் திருப்பித் தருவது? பட்டத்தை அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் தொழில் உரிமத்துக்கும் ஏற்பார்களா என்று எழுத்தில் வாங்காமல் முதல் மாணவனைச் சேர்க்கவே கூடாது.

இனி டேட்டா. திட்ட அறிக்கைகள் மழுப்புவது இங்கேதான். ஆப்பிரிக்காவில் இணையம் பயன்படுத்துகிறவர்கள் 2024 கணக்கில் 38 விழுக்காடு. அதிலும் பெரும்பாலும் கைபேசி, ரீசார்ஜ் செய்கிற சிறிய பேக். ஒரு பருவத்துக்கு 5 பாடம், பாடத்துக்கு வாரம் 3 மணி, 13 வாரம் என்று வைத்தால் 195 மணி நேரம். நேரலை வகுப்பில் படம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் மணிக்கு 1 ஜிபி வரை இழுக்கும். பருவத்துக்கு 195 ஜிபி. பதிவு செய்த வீடியோ நொடிக்கு 500 கிலோபிட் என்றால் மணிக்கு 225 எம்பி. மொத்தம் 44 ஜிபி. அதே பாடத்தை 32 கிலோபிட் ஒலியாகவும், ஒவ்வொன்றும் 60 கேபி உள்ள 30 ஸ்லைடாகவும் கொடுத்தால் மணிக்கு 16 எம்பி. மொத்தம் 3 ஜிபியைச் சற்றே தாண்டும். ஆசிரியரின் முகம் தெரிவதற்காக மாணவன் 40 ஜிபிக்குக் காசு கொடுக்க வேண்டுமா? கணக்குப் பாடம், வரைபடம் என்றால் திரையில் எழுதுவதை மட்டும் நொடிக்கு 5 சட்டகம் (ஃபிரேம்) வைத்துப் பதிவு செய்யலாம், நன்றாகவே சுருங்கும். ஜெராக்ஸ் எடுத்த பக்கங்களைக் கலரில் ஸ்கேன் செய்து 70 எம்பி பிடிஎஃப் ஆக ஏற்றும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். அதையே கறுப்பு வெள்ளையில் செய்தால் சில எம்பியில் அடங்கிவிடும்.

"எங்கள் தளத்துக்கு டேட்டா இலவசம் என்று தொலைபேசி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டோம்" என்பார்கள். கொரோனா காலத்தில் உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இப்படிச் செய்தார்கள், உதவியாகவும் இருந்தது. ஆனால் அந்தச் சலுகை பல்கலைக்கழகத்தின் இணைய முகவரிக்கு மட்டும். பாடப் பக்கத்துக்குள் யூடியூப் வீடியோவைப் பதித்திருந்தால் அது யூடியூபிலிருந்து வருகிறது, காசு போகும். எழுத்துரு, படம், உள்நுழைவுச் சேவை வெளியிலிருந்து வந்தாலும் அப்படித்தான். சில சமயம் பேலன்ஸ் சுழியம் என்றால் உள்ளேயே நுழைய முடியாது. ஒப்பந்தம் போட்ட அன்றே காசில்லாத சிம் ஒன்றைப் போட்டுப் பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்தால் அரை நாளில் எல்லாம் தெரிந்துவிடும். யாரும் செய்வதில்லை.

2020-ல் தென்னாப்பிரிக்கா மாணவர்களுக்கு மாதம் 30 ஜிபி கொடுத்தது. அதில் பகலுக்கு 10, நள்ளிரவுக்குப் பிறகு 20. ஒரே அறையில் ஐந்து பேர் தூங்கும் வீட்டில் இரவு 2 மணிக்கு எப்படி வகுப்பைப் பார்ப்பது? அந்த 20 ஜிபி உருப்பட ஒரே வழி, வாரப் பாடம் முழுவதும் ஒரே கோப்பாக இருந்து, இரவில் இறக்கிக்கொண்டு பகலில் டேட்டா இல்லாமல் படிக்க முடிவது. இணையக் கல்வி மென்பொருளான மூடுலின் செயலியில் பாடத்தை இப்படி இறக்கி வைக்கலாம். வினாடி வினாவைக்கூட இணையம் இல்லாமல் எழுதலாம், ஆசிரியர் அமைப்புகளில் அதற்கு அனுமதி கொடுத்திருந்தால். இதில் ஒரு பொறி: நேர வரம்பு வைத்த வினாடி வினா ஆஃப்லைனில் திறக்காது. ஒவ்வொரு கேள்விக்கும் உடனே விடை காட்டும் முறையும் ஆகாது. 20 நிமிடம் என்று ஆசிரியர் ஓர் இடத்தில் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார். கிராமத்தில் இருப்பவனுக்கு அந்த வாரம் பூஜ்யம்.

கெடு நேரமும் அப்படித்தான். வெள்ளி இரவு 11.59 என்று வைத்தால் கடைசி அரை மணியில் ஆயிரக்கணக்கானோர் மோதி சர்வர் படுக்கும். செவ்வாய் நண்பகல் என்று வைத்து, அதன் மேல் 48 மணி நேரம் அபராதமில்லாமல் விடுங்கள். மின்வெட்டு ஊர்களுக்கு இது சலுகை இல்லை, அடிப்படை. சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2024 மார்ச் 14-ல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் அருகே நான்கு கடலடிக் கேபிள்கள் பழுதாகி மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகளின் இணையம் முடங்கியது. மே மாதம் கிழக்குப் பக்கமும் இரண்டு கேபிள்கள். ஐரோப்பாவில் வாடகைக்கு எடுத்த சர்வரில் பாடம் இருந்தால் அந்த நாட்களில் வகுப்பு இல்லை. கென்யாவின் கெனெட், உகாண்டாவின் ரெனு போன்ற தேசியக் கல்வி வலையமைப்புகளில் வைத்தால் உள்நாட்டுத் தடத்திலேயே ஓடும்.

மையத்துக்கு வருவோம். 20 இருக்கை போதும், பெரிய மண்டபம் வேண்டாம். டெஸ்க்டாப் வாங்காதீர்கள். மானிட்டரோடு 180 வாட் என்றால் 20-க்கு 3.6 கிலோவாட், 6 மணி நேரத்துக்கு 21.6 யூனிட். லேப்டாப் 45 வாட். 20-க்கு 900 வாட், அதே 6 மணிக்கு 5.4 யூனிட். இரண்டாவதை சோலாரில் ஓட்டலாம், முதலாவதை ஓட்ட டீசல் ஜெனரேட்டர் வேண்டும், டீசலுக்கு மூன்றாம் மாதம் பணம் இருக்காது. பேட்டரியில் மலிவைப் பார்த்து ஈய-அமில வகை வாங்கி, தினமும் அடிவரை வற்றவிட்டால் ஓரிரு வருஷத்தில் செத்துப்போகும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் விலை அதிகம், ஆனால் தாங்கும். ஒரு சிறிய உள்ளூர் சர்வரில் எல்லாப் பாடமும் இருக்கட்டும்; வைஃபை எல்லைக்குள் வந்து கைபேசியில் ஏற்றிக்கொண்டு போகட்டும்.

பரீட்சையை வீட்டிலிருந்து கைபேசி வழியாக வைப்பது மலிவு என்று பல இடங்களில் ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் கியூஆர் ஸ்கேன், நடுநடுவே செல்ஃபி, பின்னணி ஒலிப்பதிவு. எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் பேச்சுக் குரல் கேட்காமல் இருக்குமா? முறைகேடு என்று குறி விழும், விசாரணை முடியும் வரை ரிசல்ட் நிற்கும். காப்பி அடிக்க நினைப்பவனோ இன்னொரு போனில் சாட்ஜிபிடியைத் திறந்து வைத்து அமைதியாக எழுதுகிறான். நேர்மையானவனைத் தண்டிக்கும் ஏற்பாடு இது. நைஜீரியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆரம்ப ஆண்டுகளுக்கு மையத்துக் கணினியில், மேல் ஆண்டுகளுக்குப் பேப்பரில் என்று நடத்துவதைப் பழைய பாணி என்று சிரிக்கலாம். முதலாளி அந்த மதிப்பெண்ணை நம்புவது அதனால்தான்.

ஆய்வகம் தேவைப்படும் படிப்புகளைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை: வருஷத்தில் இரண்டு மூன்று வாரம் ஏதாவது ஒரு கல்லூரியின் ஆய்வகத்தை விடுமுறையில் வாடகைக்கு எடுத்துத் தங்க வைத்து முடிக்க வேண்டும். சிமுலேஷன் பார்த்து நர்ஸ் ஆக முடியாது.

வெளிநாட்டு மூக் (MOOC) படிப்புகளை, அதாவது யாரும் சேரக்கூடிய இணையப் படிப்புகளை, மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதாதா என்பவர்களுக்கு: எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்கள் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான கட்டுரைப்படி, 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. சேர்ந்தவர்களிலும் பெரும்பகுதி வசதியான நாடுகளிலிருந்து. பாடம் மோசம் என்பதால் இல்லை. மூன்றாவது வாரம் காணாமல் போனவனுக்கு யாரும் போன் செய்வதில்லை.

அந்த போனைச் செய்பவர்தான் துணை ஆசிரியர். 40, 50 மாணவருக்கு ஒருவர், அதே மாகாணத்தில் இருப்பவர், அசைன்மென்டைப் பத்து நாளுக்குள் சிவப்பு மையில் குறிப்போடு திருப்பித் தருபவர். மாணவர்கள் எப்படியும் வாட்ஸ்அப் குழுவில்தான் கூடுவார்கள், அந்த பேக்தான் மலிவு. தடுக்காமல் அவரும் அதில் இருக்க வேண்டும், சமர்ப்பிப்பும் மதிப்பெண்ணும் மட்டும் மூடுலில் இருக்கட்டும். முதல் ஆறு வாரத்தில் இரண்டு அசைன்மென்ட் தவறவிட்டவர் பட்டியல் அவர் கைக்குப் போக வேண்டும்.

ஆனால் பணம் இந்த ஆளுக்கு வராது. வீடியோ எடுப்பது ஒரு தடவைச் செலவு, நன்கொடையாளர் பெயரோடு திறப்பு விழா நடத்தலாம். துணை ஆசிரியர் சம்பளம் பருவத்துக்குப் பருவம் வருகிற செலவு, மாணவர் கூடக் கூட அதுவும் கூடும், போட்டோ எடுக்கவும் ஒன்றும் இருக்காது. திட்டம் மூன்று ஆண்டில் முடிந்ததும் முதலில் நிறுத்துவது இதைத்தான். 2023 ஆகஸ்டில் கென்யாவும் தன் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குச் சாசனம் கொடுத்து, கொன்சா தொழில்நுட்ப நகரில் தொடங்கியிருக்கிறது. அதன் வரவுசெலவைப் பார்க்க வாய்ப்புக் கிடைப்பவர்கள் ஸ்டூடியோவுக்கு ஒதுக்கியதைத் தாண்டிப் போய், நான்காம் ஆண்டில் துணை ஆசிரியர் ஊதியம் என்று ஒரு வரி இருக்கிறதா, அதை யார் தலையில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.